சொத்து வரி ஃபோல்டர்

மே 4

இந்த நோட்டை யாராவது படித்துவிட்டால் நான் செத்தேன். அதனால்தான் மானிட்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைக்கிறேன். அதில் ஒரு சிக்கல். தெர்மாகோலை நகர்த்தினால் பல்லி கத்துவது போல ஒரு சத்தம் வருகிறது. எனக்குப் பல்லி என்றால் பயம். தெர்மாகோல்தான் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கையை இழுத்துக்கொள்கிறேன்.

அப்பா அம்மா தூங்கியபிறகு கம்ப்யூட்டர் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு முடிந்தால் பத்தாம் வகுப்பு. அது தனி பயம். இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது.

அப்பா நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். அங்கே நட்டு, போல்ட்டு, பெல்ட்டு எல்லாவற்றுக்கும் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் உப்பு டப்பாவில் ‘உப்பு’ என்று ஒட்டியிருக்கும். கண்ணாடி டப்பாதான், உள்ளே இருப்பது தெரியும், இருந்தாலும் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டவரின் கம்ப்யூட்டரில் படங்கள் மட்டும் குப்பையாகக் கிடக்கின்றன. ‘புது’, ‘புது 2’, ‘பழைய புது’ என்று ஃபோல்டர்கள்.

மாடியில் கட்டும் வீட்டுக்கு இருபத்தெட்டாம் தேதி பால் காய்ச்சுகிறோம். பந்திக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு டிவியில் குடும்பப் படங்கள் ஓடவேண்டுமாம். அடுக்கிக் கொடுக்கும் வேலை எனக்கு.

“ஆள் வாரியா பிரிச்சு வையி,” என்றார் அப்பா. “சொத்து வரின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அத மட்டும் தொடாத. பூராம் ரசீது.”

தொட மாட்டேன். ரசீதைப் பார்த்து நான் என்ன செய்யப்போகிறேன்.

மே 6

அப்பா ஒரு புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். படங்களில் இருக்கும் முகங்களைத் தானே கண்டுபிடித்து, வட்டமாக வெட்டி, ‘இவர் யார்?’ என்று தமிழில் கேட்கிறது. நாம் பெயரை அடித்தால் அந்த ஆளின் படங்களையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்துவிடும். ‘இவர்’ என்கிறது, ‘நீங்கள்’ என்கிறது. இந்த வீட்டில் எனக்கு மரியாதை கொடுக்கும் ஒரே ஜீவன்.

முதலில் ராஜபாளையத்து அத்தையின் முகம் வந்தது. ‘அத்தை’ என்று அடித்தேன். பெரியவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லி அடிக்க முடியுமா? தவிர எனக்குப் பெயரும் தெரியாது. அடுத்து சாத்தூர் அத்தை. அவரையும் ‘அத்தை’ என்று அடித்தேன். ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இருவரையும் சேர்க்கவா?’ என்று கேட்டது. அவர்களும் அத்தைதானே. சேர் என்றேன். இப்படியே மாமாக்கள், சித்தப்பாக்கள், பெரியம்மாக்கள் எல்லோரையும் முடித்து, நிம்மதியாக மோர் குடித்தேன்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். அத்தை என்று ஒரே ஆள் வந்தார். முதல் படத்தில் ஒல்லி, அடுத்ததில் குண்டு, அப்புறம் குட்டை, அப்புறம் மறுபடி ஒல்லி. ஒரே கல்யாணத்தில் நான்கு பட்டுச் சேலை மாற்றினார். சித்தப்பாவுக்கு வழுக்கை விழுந்து, பிறகு அடர்த்தியாக முடி முளைத்து, மீசை வந்து, போய், நரைத்து, கறுத்தது.

இத்தனை அத்தைகளும் ஒன்று விட்டவர்கள், இரண்டு விட்டவர்கள். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. ஒரே ஒரு சொந்த அத்தை இருந்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

சேர்த்தவர்களைப் பிரிப்பது எப்படி என்று தெரியவில்லை. அப்பாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

மே 7

தேடித் தேடிப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை. அப்பா இருமினாலே என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மே 9

விளக்கைப் போடாமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

இன்று மத்தியானம் புரோகிராம் இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. ஒன்றில் நான், ஸ்கூல் ஆண்டு விழாவில். இன்னொன்றிலும் நான்தான். ஆனால் அதில் தாவணி கட்டியிருந்தேன். நான் தாவணியே கட்டியது இல்லை. ‘இருவரும் ஒரே ஆளா?’ என்று கேட்டது.

முழுப் படத்தைத் திறந்தேன். பழைய பிரிண்ட் போட்டோவை போனில் எடுத்த படம், நடுவில் லைட் பட்டு வெள்ளையாக ஒரு பொட்டு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கிறேன். பக்கத்தில் அரும்பு மீசையோடு ஒரு பையன். அப்பா.

நான் பிறப்பதற்கு ரொம்ப வருடம் முன்னால், அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்வதற்கே முன்னால், நான் அப்பாவோடு நின்று போட்டோ எடுத்திருக்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து அம்மா பின்னாலிருந்து, “என்னடி பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றாள். பதறிப்போய் எதையோ அமுக்கினேன். அமுக்கியது ‘ஆம்’. தாவணிக்காரி என்னோடு சேர்ந்துவிட்டாள்.

படம் எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. சொத்து வரி. நான் தொடவில்லை. சத்தியமாக நான் தொடவில்லை. புரோகிராம்தான் தொட்டது.

மே 10

அடுத்த தெரு ஃபர்ஹானாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு எதற்குமே பயம் கிடையாது. போன வருடம் கணக்கு டீச்சரின் ஸ்கூட்டியை உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தவள். நான் போன பிறவியில் அப்பாவின் சிநேகிதியாக இருந்திருப்பேனோ என்று கேட்டேன். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, உன்னைத் தத்து எடுத்திருப்பார்கள் என்றாள். அதற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஃபோல்டரைத் திறந்து பார்க்காமல் உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று மட்டும் கேட்டாள்.

வரவில்லை என்பதுதான் உண்மை.

மே 12

திறந்துவிட்டேன். உள்ளே ஒரு ரசீது கூட இல்லை.

மேலே சில பழைய படங்கள், எல்லாவற்றிலும் அந்தப் பெண். கீழே நிறைய புதிய படங்கள், எல்லாம் சின்னச் சின்னச் சதுரங்கள். பெரிதாக்கினால் மங்குகின்றன. நம் காமிராவில் எடுத்தால் இப்படி வராது. அந்தப் பெண்ணே இப்போது கொஞ்சம் சதை போட்டு, கண்ணாடி மாட்டி, ஏதோ ஒரு மலைக்கோயிலில் நிற்கிறாள். அடுத்து ஒரு மல்லிகைச் செடி. அதற்கு அடுத்தது எங்கள் வீட்டுச் செம்பருத்தி. அப்புறம் யாருடையதோ ஸ்கூட்டர், அதற்கு அடுத்து அப்பாவின் ஸ்கூட்டர்.

தேதிப்படி வரிசையாக அடுக்கினேன். ஒன்று எங்கள் வீட்டுப் படம், அடுத்தது எங்கோ வேறு வீட்டுப் படம். மறுபடி எங்கள் வீடு, மறுபடி அந்த வீடு. மாடிக்கு அப்பா தூண் எழுப்பினால், மறுநாள் அங்கே தொட்டியில் ஒரு கத்தரிச் செடி நிமிர்ந்து நிற்கிறது. கான்கிரீட் போட்ட அன்று எங்கள் மொட்டை மாடி. இரண்டு நாளில் அங்கே ஒரு தட்டு நிறைய லட்டு.

கடைசியாக எங்கள் படம் மாடி வீட்டுப் புதுக்கதவு. அதற்கு அடுத்தது, ‘நல்வரவு’ என்று எழுதிய ஒரு கால்மிதி. கால்மிதியைப் போய் யாராவது படம் எடுப்பார்களா? அதுவும் விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காத புதுக் கால்மிதி. அப்பா அதை ஏன் எடுத்து வைத்திருக்கிறார் என்றும் புரியவில்லை.

மே 14

இன்று அப்பா மில்லிலிருந்து வந்ததும், எங்கே வேலை எவ்வளவு முடிந்தது, டிவியில் போடு பார்ப்போம் என்றார். அத்தைகள் எல்லோரும் ஒரே ஆளாக இருப்பதை முதலில் காட்டித் திட்டு வாங்கிவிட்டால், மற்றதற்குள் அவர் களைத்துப்போவார் என்று கணக்குப் போட்டேன்.

நடக்கவில்லை. அத்தையைப் பார்த்து அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சித்தப்பாவின் தலைமுடியைப் பார்த்து அப்பாவே சிரித்தார். அவர் சிரித்ததை ஒட்டி, “உன் படத்தப் போடு,” என்றாள் அம்மா. என் பெயரை அமுக்கினேன். தொட்டிலில் நான். மொட்டையடித்த நான். யூனிஃபார்மில் நான்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தாவணியில் நான்.

அப்பா எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்தார், குடிக்கவில்லை. அம்மாதான் பேசினாள். என்னைப் பார்த்து, ஆனால் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி.

“மூக்கு, மோவாய், எல்லாம் அப்படியே செல்வி. நானும் இத்தன வருசமாச் சொல்லாமத்தேன் இருக்கேன்.”

அப்பா மாடிக்குப் போய்விட்டார். அங்கே ஒன்றும் வேலை இல்லை, பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது.

என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

மே 15

இன்று அம்மா புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்கு முத்துச்செல்வி என்று ஒரு தங்கை. தானே பார்த்து ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு, மாலையும் கழுத்துமாக வீட்டு வாசலில் வந்து நின்றாளாம். யாரும் திறக்கக் கூடாது என்று தாத்தா சொன்னார். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்பா. அவள் ‘அண்ணே, அண்ணே’ என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது யாரும் தடுக்கவில்லை. ஆனால் எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று அப்பாவுக்கு வெட்கமாம். சொந்த வீட்டில் பால் காய்ச்ச வேண்டியது கூடப் பிறந்தவள். கீழ்வீட்டுக்கும் அவள் இல்லை, இந்த மாடிக்கும் இல்லையென்றால் இனி இல்லவே இல்லை என்று அம்மா சொன்னாள்.

அம்மாவுக்கு அந்த ஃபோல்டர் தெரியுமா என்று கேட்டேன்.

“சொத்து வரி வருசத்துக்கு ரெண்டு தடவதேன் கட்டணும்,” என்றாள் அம்மா. “உங்கப்பா வாரத்துக்கு ரெண்டு தடவ கட்டுறாரு. எனக்குத் தெரியாதாக்கும்.”

ஆக, நான் போன பிறவி இல்லை. தத்தும் இல்லை. ஃபர்ஹானாவிடம் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மே 17

மாடி வீட்டுப் படங்களை ஏற்றுவதற்காக அப்பாவின் போனைக் கம்ப்யூட்டரில் மாட்டச் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. சொத்து வரி. அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் கால்மிதி.

சதுரங்கள் எங்கிருந்து வந்தன என்று இப்போதுதான் புரிந்தது. எல்லாம் அத்தை தன் பெயருக்குப் பக்கத்தில் வைக்கும் டிபி படங்கள். அத்தை டிபி மாற்ற மாற்ற அப்பா எடுத்து வைத்திருக்கிறார். நடுநடுவே இருப்பவை அப்பா பதிலுக்கு மாற்றிய டிபி. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு மெசேஜ் இல்லை. ஒரு குட்மார்னிங் கூட இல்லை. வெறும் பச்சைப் பின்னணி.

ஃபர்ஹானா ஒரு சோதனை செய்யச் சொன்னாள். அதே நம்பரை அம்மாவின் போனில் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் முகமில்லாத பொம்மைதான் வந்தது. தன் போனில் யார் நம்பரை வைத்திருக்கிறாளோ அவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி உன் அத்தை வைத்திருக்கிறாள், அப்பாவுக்குத் தெரிகிறது என்றால் அவள் போனில் அப்பாவின் நம்பர் இருக்கிறது என்றாள்.

“கால்மிதி வாங்கி வச்சிட்டு உக்காந்திருக்காங்கடி,” என்றாள். “உங்க மாடி வீட்டு வாசல்ல போட வான்னு கூப்பிட ஆளு வேணும்ல.”

நான் அழவில்லை. மேசைக்கு அடியில் தூசி அதிகம்.

மே 19

ராஜபாளையத்து அத்தை போன் செய்தார். பால் காய்ச்சும் பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா, தனக்கு மாம்பழக் கலர்தான் எடுப்பாக இருக்கும், அரக்குக் கரை போட்டது என்று சொன்னார். அப்பா சரி சரி என்றார். பிறகு தன் போனை எடுத்துக் கால்மிதியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு முதுகு தெரிகிற மாதிரி உட்கார்ந்துதான் பார்த்தார், ஆனால் பின்னால் பீரோக் கண்ணாடி இருக்கிறது.

மே 20

செய்துவிட்டேன்.

அப்பா குளிக்கப் போனார். போன் என் கையில் இருந்தது. புதுமனை புகுவிழா அழைப்பிதழைப் படம் எடுத்து அப்பாவின் டிபியாக வைத்துவிட்டேன். பாத்ரூமில் குவளைச் சத்தம் நின்றதும் போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினேன்.

இதுவரை கண்டுபிடிக்கவில்லை. நாளை நான் உயிரோடு இருந்தால் எழுதுகிறேன்.

மே 21

காலையில் அப்பா என் முன்னால் வந்து நின்றார். கையில் போன்.

“இத யாரு மாத்துனது?”

அப்பா போனை என் பக்கம் திருப்பினார். வட்டத்துக்குள் பிள்ளையாரும் ‘அன்புடையீர்’ என்ற வார்த்தையும் அப்பா பெயரில் பாதியும் தெரிந்தன.

“ஓரம் வெட்டிருச்சு,” என்றார். “தேதியும் நேரமும் தெரியல பாரு. அது தெரியிற மாதிரி வையி.”

நான் போனை வாங்கிக்கொண்டேன்.

“அம்மாட்ட சொல்லாத,” என்றார்.

அடுப்படியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. உள்ளே அரைக்க ஒன்றும் இல்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

தேதியையும் நேரத்தையும் மட்டும் நடுவில் வைத்து மறுபடி போட்டேன். மூன்று முறை சரிபார்க்கச் சொன்னார்.

மே 22

கால்மிதிதான் இருக்கிறது.

மே 23

கால்மிதி. அப்பா சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சாம்பார் பட்டுவிட்டது. நானும் அம்மாவும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

மே 24

மாறிவிட்டது.

வட்டத்துக்குள் ஒரு புதுப் பித்தளைப் பானை. கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருக்கிறது.

அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனார். வாசலிலிருந்து திரும்பி வந்து அம்மாவிடம், ராஜபாளையத்துக்குப் போன் போட்டு, பால் காய்ச்ச ஆள் இருக்கிறது, அவர்கள் விளக்கு ஏற்றினால் போதும், சொன்ன சேலை உண்டு என்று சொல்லச் சொன்னார். யார் அந்த ஆள் என்று அம்மா கேட்டாள். அம்மா எவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

மே 28

கால் வலிக்கிறது, ஆனால் இதை எழுதாமல் படுக்க முடியாது.

விடியும் முன்பே மாடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பா புதுக்கதவின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டார். நேற்றும் போட்டார். நல்ல நேரம் ஆரம்பித்து ஓடிக்கொண்டே இருந்தது, அப்பாவோ அடுப்பின் பக்கமே வரவில்லை. மாம்பழக் கலர் சேலையில் ராஜபாளையத்து அத்தை, கதவைச் சாத்துங்கள், தெரு நாய் படியேறிவிடும் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவரே சாத்தப் போனார்.

“சாத்த வேணாம்க்கா,” என்றார் அப்பா. “தெறந்தே இருக்கட்டும்.”

கீழே ஆட்டோ நின்றது. படியில் காலடிச் சத்தம். பயத்தில் ஃபர்ஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனால் பயந்தேன்.

என் முகம் படியேறி வந்தது. கண்ணாடி போட்ட, கொஞ்சம் நரைத்த என் முகம். இடுப்பில் பித்தளைப் பானை, அக்குளில் சுருட்டிய கால்மிதி. பின்னால் ஒல்லியாக ஒரு மாமா, ஆப்பிள் பையோடு, ஏறலாமா இறங்கலாமா என்று தெரியாமல் பாதிப் படியில் நின்றார்.

அத்தை வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

“ஆட்டோக்காரன் ஊரச் சுத்திக் கூட்டியாந்துட்டான்ணே,” என்றார்.

அப்பா குனிந்து அத்தையிடமிருந்து கால்மிதியை வாங்கி, உதறி, வாசலில் போட்டு, நேராக இருக்கிறதா என்று பார்த்து, இழுத்துச் சரிசெய்தார். விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

“நேரமாச்சு, வா,” என்றார். “அடுப்பப் பத்த வையி.” பிறகு படியிறங்கிப் போய் மாமாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

பால் நான்கு பக்கமும் பொங்கி வழிந்தது. அம்மா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு குலவை போட்டாள். போடத் தெரியாது, இருமல் மாதிரிதான் வந்தது. ராஜபாளையத்து அத்தை, அடுப்பைத் துடைக்கப்போவது யார் என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை என்னைப் பார்த்த விதத்தை எழுதத் தெரியவில்லை. மோவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஏன்டி இப்படிப் பயப்படுற? நான் பயந்ததே இல்லையே,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “இன்னைக்குப் படியேறும்போது மட்டும்,” என்றார்.

டிவியில் படங்கள் ஓடின. எல்லா அத்தைகளும் ஒரே ஆளாக வந்து போனார்கள். பந்தியே நின்றுவிடும் அளவுக்குச் சிரித்தார்கள்.

மே 29

இன்று ஃபர்ஹானா எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு படத்தில் நானும் அத்தையும் பால் பானைக்குப் பின்னால் ஒட்டி நிற்கிறோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

இந்த முறை, இருவரும் ஒரே ஆளா என்று அது கேட்கவில்லை. ஒரே படத்தில் இரண்டு பேரும் இருந்தால் கேட்காது போலிருக்கிறது. என் முகத்தில் என் பெயரைப் போட்டது. பக்கத்து முகத்தை வட்டமாக வெட்டி, மரியாதையாக, ‘இவர் யார்?’ என்றது.

நான் ‘அத்தை’ என்று அடித்தேன். ‘இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். இருவரையும் சேர்க்கவா?’ என்று கேட்டது.

“வேணாம்னு சொல்லு,” என்றார் அப்பா. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, சீட்டு ஒட்டுகிற கவனத்தோடு அடித்தார்.

என் தங்கச்சி.